புது வருஷமும் கடற்கரை வீடும்: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்துவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுக வீடுகளில் ஒரே பேச்சுதான். இந்த வருஷமாவது கடனை அடைக்க வேண்டும், பெண்ணுக்கு ஒரு வழி பண்ண வேண்டும், பையனைப் படிக்க வைக்க வேண்டும். மகளிர் குழுக் கூட்டத்திலும் மீன் ஏலம் விடுகிற இடத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு எழுதிய யோசனைகள் நமக்கு ஒத்துவராது. நமக்கு மாதம் கிடையாது; தொழில் உள்ள நாள், தொழில் இல்லாத நாள் என்று இரண்டுதான். ஆனால் அந்த நாட்களில் பாதியாவது முன்கூட்டியே தெரிந்தவை. அதை வைத்து, வீட்டில் எல்லாரும் சேர்ந்து, ஒளிவுமறைவு இல்லாமல் கணக்குப் போட முடியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

எந்தப் புத்தாண்டை வைத்துத் திட்டம் போடுவது? ஜனவரியா, சித்திரையா?

கொண்டாடுவது அவரவர் வீட்டு வழக்கம். டிசம்பர் 31 நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிற வீடும், சித்திரை முதல் நாள் கோயிலுக்குப் போகிற வீடும், முஹர்ரம் பிறையைப் பார்க்கிற வீடும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. ஆனால் கணக்குப் போடுவதை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள், முடிந்தால் பொங்கலுக்கு முன்பே. சித்திரை 1 பெரும்பாலும் ஏப்ரல் 14-ல் வரும். அன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். வருமானம் நின்றுபோகிற நாளில் உட்கார்ந்து திட்டம் போட்டால், அது எங்கே கடன் வாங்குவது என்கிற திட்டமாகத்தான் முடியும்.

எல்லாரும் ஒன்றாக உட்கார நேரமே கிடைப்பதில்லையே?

விசைப்படகு வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம். ராமேஸ்வரம் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலை கரைக்கு வருவார், அசதியில் தூங்குவார். வெள்ளியன்றுதான் வலையும் காய்ந்து, ஆளும் தெளிந்து இருப்பார். நாட்டுப்படகு வீடுகள் தங்கள் பாடு, அதாவது கடலுக்கு ஒருமுறை தொழிலுக்குப் போய்வருவது, எந்த நாட்களில் என்று பார்த்து ஏற்ற நாளை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். கடலிலிருந்து வந்த உடனே கணக்கைத் திறக்காதீர்கள். மீன் படாத நாளாக இருந்தால் அந்தப் பேச்சு சண்டையில்தான் முடியும்.

நிரந்தர வருமானம் இல்லை. அப்புறம் எதை வைத்து வருஷத் திட்டம் போடுவது?

ரூபாயில் தொடங்காதீர்கள், நாளில் தொடங்குங்கள். ஜனவரி 1 முதல் ஏப்ரல் 14 வரை 104 நாள். அது 15 வாரம் கூட இல்லை. வாரத்துக்கு மூன்று என்றால் விசைப்படகுக்கு அதிகபட்சம் 45 தொழில் நாள். அதில் பொங்கலைக் கழியுங்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நாட்களைக் கழியுங்கள். காற்று எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாட்களைக் கழியுங்கள். யாராவது இலங்கைக் கடற்படையிடம் சிறைபிடிக்கப்பட்டால் வேலைநிறுத்தம் வரும், அதற்கும் சில நாள் ஒதுக்குங்கள். முப்பதோ முப்பத்தைந்தோ நிற்கும்.

இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பார்க்கும்போதுதான் பல வீடுகளில் பேச்சு மாறுகிறது. "வருஷம் முழுக்க இருக்கிறதே" என்கிற நினைப்பு போய், "முப்பது பாடுதான் இருக்கிறது" என்று ஆகிறது.

அடுத்து பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழித்த பிறகு சம்மாட்டிக்கும் (படகுச் சொந்தக்காரர்) ஆட்களுக்கும் பிரியும் காசுதான் வீட்டுக் காசு. போன வருஷம் நல்ல பாடு ஒன்றில் எவ்வளவு வந்தது, மோசமான பாடு ஒன்றில் எவ்வளவு வந்தது என்று நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். திட்டத்துக்கு மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். இறால் நன்றாகப் பட்ட நாளை வைத்துக் கணக்குப் போட்ட வீடு எதுவும் மார்ச் வரை தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

தடைக்காலம் 61 நாளையும் எப்படிச் சமாளிப்பது?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 நாளாக ஆனது. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்கு விதித்த தடை இது, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. ஆக இது எந்த வருஷமும் திடீரென்று வருவதில்லை. காலண்டரில் அச்சடித்த மாதிரி வருகிறது. அப்படி இருந்தும் ஒவ்வொரு வருஷமும் நம்மை அடகுக் கடைக்கு அனுப்புகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த நேரத்தில் வந்து சேரும் செலவுகள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை மாற்றுவது எல்லாம் அந்த 61 நாளில்தான். மே மாதம் கல்யாணமும் காதுகுத்தும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. ரேஷன் அரிசி போக வீட்டுச் செலவு நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 61 நாளுக்கு 18,300. தமிழக அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000. மீதி 10,300. ஏப்ரலுக்கு முன் 35 பாடு கிடைக்கும் என்றால், ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய 295 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். முந்நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிவாரணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்று நம் கையில் இல்லை, அதனால் முதல் இரண்டு வாரச் செலவு சொந்தக் காசாகவே இருக்கட்டும்.

அந்த முந்நூறை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்த காசு பிப்ரவரியைத் தாண்டாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ, குழுவின் சேமிப்போ, எழுந்து போய்க் கேட்டுத்தான் எடுக்க முடியும் என்கிற இடத்தில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பும். ஆண்களுக்குத் தனி, மீனவப் பெண்களுக்குத் தனி. தவணையை விட்டுவிட்டு, பிறகு "எங்களுக்கு மட்டும் வரவில்லை" என்று அலைகிற வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. வீட்டில் ஒருவர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

கடன் எவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் அவருக்கே மொத்தத் தொகை தெரியாது. சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் ஒரு பக்கம், வியாபாரியிடம் வாங்கியது ஒரு பக்கம். நீங்களும் வாரக் குழுவில் வாங்கியிருப்பீர்கள், அது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் "நீ சொல்லு" என்று தொடங்காமல், உங்கள் கடனை முதலில் தாளில் எழுதி வையுங்கள். பிறகு அவர் பக்கம் தாளைத் தள்ளுங்கள்.

யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, என்ன அடகு. இந்த நான்கும் போதும். வட்டியை வருஷத்துக்கு மாற்றி எழுதுங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. ஐம்பதாயிரத்துக்கு மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. அசல் அப்படியே நிற்கும். இதை எழுதிப் பார்த்த பிறகு எதை முதலில் அடைப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாரத் தவணைக் கடன் இருந்தால் தடைக்காலத்தில் எட்டோ ஒன்பதோ தவணை விழும். புதுக் கடன் எடுக்கும் முன் அந்த ஒன்பதையும் எண்ணிப் பாருங்கள். வசூலுக்கு வருகிறவர் வீட்டு வாசலில் நின்று மிரட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. தனியாகப் பேசாதீர்கள், குழுவாகப் போய்ப் பேசுங்கள்.

பெண்கள் சம்பாதிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? அது கைச்செலவுக்குத்தானே?

சேர்க்க வேண்டும். முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். விரல் நுனி ஒவ்வொன்றிலும் துணியைக் கிழித்துச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு முழுகுகிறார்கள். பாறையில் கை கிழிந்து, உப்புத் தண்ணீரில் எரிய எரிய மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அந்த வேலை. அது கைச்செலவுக் காசா? பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் முழுக்க அதிலிருந்துதான் போகிறது. கருவாடு போடுவது, நண்டுச் சதை எடுப்பது, கூடையில் மீன் சுமந்து விற்பது, தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்றுத் தோட்ட வேலை, பனை ஓலை முடைவது என்று எல்லாமே வருமானம். கணக்கில் வராத வருமானத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது அதைச் சம்பாதித்தவளையும் யாரும் கேட்பதில்லை. நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பாசி எடுக்கிற வீடுகளில் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களைச் சுழித்து வையுங்கள். அந்த நாட்களில் சமையல், சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஜனவரியிலேயே பேசி முடிவு செய்யுங்கள். விசைப்படகுக்காரர் கரையில் இருக்கும் நாளாக இருந்தால் அவரே செய்யட்டும்.

பங்கு காசு வீடு வந்து சேர்வதற்குள் பாதியாகிவிடுகிறது. குடிப் பழக்கத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

புத்தாண்டு அன்று சத்தியம் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காசு வருகிற வழியை மாற்றுவதுதான் பலன் தருகிறது. சில சம்மாட்டிகள் பங்கில் ஒரு பகுதியை மனைவியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சம்மதிக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் அதே படகில் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள். அடிதடி வரை போகிறது என்றால் அது குடும்பக் கணக்கில் தீர்கிற விஷயம் இல்லை. பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார். போனிலேயே எப்படித் திட்டம் போடுவது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வீடுகளில் இருந்து வருகிற கேள்வி. அமீரகத்துக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம், சவூதிக்கு இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அவர் வேலை முடித்து அறைக்கு வரும்போது இங்கே பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அவருடைய விடுமுறை நாளில் பகலில் பேசுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாப்பா குரலை வெறும் விசாரிப்புக்கு மட்டும் வைத்திருக்காமல், அவரும் முடிவுகளில் இருக்கட்டும்.

அனுப்புகிற பணம் எதற்கெல்லாம் போனது என்று மாதம் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். சந்தேகத்துக்காக அல்ல. அங்கே ஓவர்டைம் பார்க்கிறவருக்குத் தன் உழைப்பு எந்தச் சுவராக, எந்தப் பள்ளிக் கட்டணமாக ஆனது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருக்கும்.

நோன்பும் பெருநாளும் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், அதனால் போன வருஷத் தேதியை வைத்து விடுமுறைக்கு டிக்கெட் போட வேண்டாம். பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுக்கிற வழக்கம் உள்ள குடும்பங்கள், வீட்டு வேலையை ஒரே வருஷத்தில் முடிக்கக் கடன் வாங்காமல், இந்த வருஷம் அடித்தளம், அடுத்த வருஷம் சுவர் என்று பிரித்துக்கொண்டால் வாப்பா இரண்டு வருஷம் முன்னதாகவே ஊர் திரும்பலாம்.

பையன் பத்தாம் வகுப்பு. படிப்பை விட்டுக் கடலுக்குப் போகிறேன் என்கிறான்.

அவன் சொல்வது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான், கவனித்தீர்களா? வாடைக் காற்று ஓய்ந்து தொழில் சூடுபிடிக்கிற நேரம். கூட்டாளி ஒருவன் படகில் போய்க் காசோடு வருவான். அதே நேரத்தில்தான் பொதுத்தேர்வும் நெருங்கும். திட்டினால் பிடிவாதம் கூடும்.

அவனிடம் வீட்டுக் கணக்கைக் காட்டுங்கள். முப்பது பாடு, 61 நாள், கடன், எல்லாம். கடல் தொழிலை இழிவாகப் பேசாதீர்கள், அது அவன் அப்பாவின் தொழில். "போவதானாலும் தேர்வு எழுதிவிட்டுப் போ" என்பது அவனால் ஏற்றுக்கொள்ள முடிகிற பேச்சு. கடலை விரும்புகிற பையனுக்கு வேறு வாசல்களும் உண்டு. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடலோரக் காவல் படை வேலைக்கு மீனவ இளைஞர்களுக்குத் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வேண்டும். நீச்சலும் நீரோட்டமும் தெரிந்த பையனுக்கு அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

பெண் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பள்ளியிலேயே விவரம் கேட்டு வையுங்கள்.

கல்யாணத்தை எப்போது வைப்பது?

தடைக்காலத்தில் வைத்தால் சொந்தபந்தம் எல்லாம் கரையில் இருக்கும், யார் கையிலும் காசு இருக்காது. மொய் குறையும். தை மாதம் வைத்தால் முகூர்த்தமும் உண்டு, தொழிலும் உண்டு. கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் பிப்ரவரி நடுவுக்குள் நெருக்கும். எனக்குப் பிடித்தது தடை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஆவணியில்.

மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். வாங்கிய மொய் எல்லாம் திருப்பிச் செய்ய வேண்டியது. இந்த வருஷம் யார் யார் வீட்டில் விசேஷம் என்று இப்போதே எண்ணினால், கடன் தாளில் சேர்க்க வேண்டிய இன்னொரு வரி கிடைக்கும்.

கடலில் ஏதாவது நடந்துவிட்டால் என்று பயமாக இருக்கிறது. வருஷத் தொடக்கத்தில் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

இதைப் பேசினால் அபசகுனம் என்று பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். எல்லைப் பக்கம் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீட்டில், ஆதார் நகல் எங்கே என்று பெட்டி பெட்டியாகத் தேடுகிற மனைவியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். மீனவர் அடையாள அட்டை, நலவாரிய அட்டை, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், படகின் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் அதில் இருக்கட்டும். அசல் வீட்டில், இன்னொரு நகல் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. போனிலும் படம் எடுத்து வையுங்கள். சிறைபிடிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினப்படி உதவிக்கும் இவைதான் முதலில் தேவைப்படும்.

அப்புறம் காப்பீடு. வங்கிக் கணக்கு வழியாக வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அந்த இருபது ரூபாயை வங்கி மே மாதக் கடைசியில் எடுக்கும், அதாவது தடைக்காலத்தின் நடுவில், கணக்கு காலியாக இருக்கும் நேரத்தில். இருப்பு இல்லை என்றால் காப்பீடு அறுந்துபோகும். நூறு ரூபாயாவது அதில் விட்டு வையுங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் பெயர் இருக்கிறதா என்று சங்கத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். அதில் உயிரிழப்புக்கு 5 லட்சம்.

வயதானவர்களைத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது?

கண் பரிசோதனை, சர்க்கரை மாத்திரை, முதியோர் உதவித்தொகை, இந்த மூன்றையும் எழுதுங்கள். அவர்களையும் பேசவிடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் எல்லாம் போய், மறுபடி எப்படிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று பேரப்பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.

அதிகச் செலவில்லாமல் குடும்பத்தோடு எங்காவது போக முடியுமா?

முடியும். ஜனவரி, பிப்ரவரியில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்து நிற்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். தடைக்காலத்தில் ஒரு நாள் அப்பா பிள்ளைகளோடு அங்கே போகலாம்; வேலை இல்லாத நாள் என்றாலும் அது அவருக்கும் விடுமுறை.

தடை முடிந்து முதல் பாட்டுக் காசு கைக்கு வந்ததும் எதை முதலில் கட்டுவது?

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து படகுகள் போய் வரும்போது ஊரே சந்தோஷத்தில் இருக்கும். அந்தக் காசைக் கேட்டுக் கடன்காரர் எல்லாரும் ஒரே நாளில் வருவார்கள். சத்தமாகக் கேட்கிறவருக்கு முதலில் கொடுக்காதீர்கள். ஜனவரியில் எழுதிய தாளை எடுத்து, வருஷ வட்டி அதிகமாக உள்ளதில் தொடங்குங்கள். பள்ளிக்கூடச் செலவு பாக்கி இருந்தால் அது அதற்கும் முன்னால். நகை வங்கியில் குறைந்த வட்டிக்கு இருந்தால், கெடு தேதி தாண்டாமல் வட்டியை மட்டும் கட்டி, நூற்றுக்கு மூன்று வட்டிக்காரரை முதலில் முடியுங்கள். மூன்றாவது நான்காவது பாட்டிலிருந்து, தொழில் குறையும் வாடைக் காலத்துக்கென்று மறுபடி முந்நூறு எடுத்து வைக்கத் தொடங்கலாம்.